தொற்றுத் தடுப்புப் பயிற்சியை வார்டிலேயே கொடுங்கள்: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கும் தொற்றுத் தடுப்புக் குழுவினருக்கும் வணக்கம்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் குழந்தைகளுக்கு இரத்தத் தொற்று வந்தது உங்களுக்குத் தெரியும். இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) முடிவுகள் வந்த மறுநாளே இரண்டு செவிலியர்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த வாரமே எல்லோருக்கும் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தது. நைட் டியூட்டி முடித்தவர்களையும் வீட்டுக்கு விடாமல் கூட்ட அரங்கில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் திரையில் படம் காட்டி, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கினீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அந்தத் தாளைக் காட்டலாம். ஆனால் குழந்தையின் வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற இரத்த நாளத்தில் போட்ட சிறு குழாயை) தொடும் கை அன்றைக்குப் புதிதாக எதையும் கற்கவில்லை. பயிற்சியை வார்டில், கட்டிலருகே, டியூட்டி நேரத்திலேயே கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரே ஒரு பாட்டிலை வைத்து இதை விளக்க முடியும். ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்க ஸ்டோரிலிருந்து எங்களுக்கு வருவது 100 மில்லி அல்லது 500 மில்லி சலைன் பாட்டில். காலை ஆறு மணி டோஸுக்கு அதன் ரப்பர் மூடியில் ஊசி குத்தப்படுகிறது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து, பத்து மில்லி என்று அதிலிருந்தே இழுக்கிறோம். ஊசி அடுத்த டோஸ் வரை, சில நாள் மறுநாள் வரைகூட அப்படியே நிற்கிறது. அதன் வாய் திறந்தே கிடப்பதால் வார்டுக் காற்றும் விரல் அழுக்கும் உள்ளே போகின்றன. சலைனில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. சூடோமோனாஸ், பர்கோல்டேரியா போன்ற கிருமிகள் வெறும் தண்ணீரில்கூடப் பெருகக் கூடியவை. சலைனுக்குப் பதில் சர்க்கரை கலந்த டெக்ஸ்ட்ரோஸாக இருந்தால் க்ளெப்சியெல்லா என்ற கிருமிக்கும் தீனி கிடைத்துவிடும். ஒரு மில்லிக்குப் பத்து லட்சம் கிருமிகள் இருந்தாலும் திரவம் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியலாம். அது நேராகக் குழந்தையின் இரத்தத்துக்குப் போகிறது.

சரியான முறை எங்களுக்குத் தெரியும். டோஸுக்கு ஒன்றாக 5 அல்லது 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூலை (ஒரு முறைக்கான சிறு குப்பியை) உடைத்து, வேண்டியதை இழுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வையலின் (மருந்துப் புட்டியின்) மூடியை 70 சதவீத ஆல்கஹாலால் தேய்த்து, காய்ந்த பிறகே குத்த வேண்டும். ஸ்பிரிட்டில் ஊறப்போட்ட பஞ்சு ஜாடியை உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பலர் கைவிட்டு எடுப்பதால் ஜாடி அழுக்காகிறது, ஸ்பிரிட் ஆவியாகி வீரியமும் குறைகிறது. இதையெல்லாம் திரையிலும் காட்டினீர்கள். ஆனால் ஸ்டோரில் ஆம்பூல் இல்லை. இல்லாத ஆம்பூலைப் பயன்படுத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பாட்டிலில் ஊசி நின்றதற்கு மெமோ கொடுப்பது எந்த விதத்தில் நியாயம்? பயிற்சி தருபவர் ஒரே ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மருந்து ட்ரேயின் பக்கத்தில் நின்றிருந்தால், குறை எங்கே இருக்கிறது என்று அவரே பார்த்திருப்பார்.

கை சுத்தமும் இப்படித்தான். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவர் கட்டிலையோ பொருளையோ தொட்டபின் என்ற ஐந்து தருணங்களையும் யாரும் மறக்கவில்லை. 40 பேர் உள்ள வார்டில் ஒவ்வொருவரையும் ஒரு ஷிஃப்டில் ஐந்து முறை தொடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவரை விட்டு நேரே அடுத்தவரிடம் போகும்போது ஒரே தேய்ப்பு போதும் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 200 முறை வருகிறது. முறைக்கு 20 நொடி, 3 மில்லி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலும், 600 மில்லி ஹேண்ட் ரப்பும் (கையில் தேய்க்கும் கிருமிநாசினியும்) ஆகும். எங்கள் வார்டுகளுக்கு வாரத்துக்கு ஒரு 500 மில்லி பாட்டில் கொடுக்கிறீர்கள். அதுவும் நர்ஸ் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டில் காலிலும் ஒரு பாட்டில் தொங்காதவரை, சுவரில் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் கை சுத்தமாகாது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஐசியூக்களில் சென்ட்ரல் லைன் (பெரிய இரத்த நாளத்தில் போடும் மருந்துக் குழாய்) வழியே வரும் தொற்று பெரிதும் குறைந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருத்துவர்கள் பின்பற்ற வேண்டிய படிகள் ஐந்துதான்: கை கழுவுதல், முழுத் தடுப்பு உடை, குளோரெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்தல், தொடையில் லைன் போடாமல் தவிர்த்தல், தேவையற்ற லைனை எடுத்துவிடுதல். ஆனால் அங்கே வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் இருந்தன. படி தவறினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் செவிலியருக்குத் தரப்பட்டது. இங்கே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மருத்துவரிடம், "சார், கையுறை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரவில் ஒரே செவிலியர் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கிறார். தொகுப்பூதியத்தில் இருப்பவர், எந்த நாளில் வேறு பிரிவுக்கு மாற்றப்படுவோம் என்று தெரியாமல் வேலை செய்கிறார். யூரின் பேக்கைக் காலி செய்ய வார்டுக்கே ஒரு ஜக்தான். நோயாளிக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டுச் சலித்துவிட்டோம். 5 சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால்தான் இரத்தம் சிந்திய இடத்துக்கு வேண்டிய 1 சதவீதம் கிடைக்கும், அதையும் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும் என்று துப்புரவுப் பணியாளர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அளவுக் குவளையும் கொடுக்கவில்லை. தொற்று வந்தால் மட்டும் செவிலியர் பெயர் கேட்கப்படுகிறது.

கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை வார்டிலேயே கொடுங்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவாக, மாற்று ஆள் போட்டு, அரை மணி நேரம் எங்களை விடுவித்தால் போதும். ஒளிரும் லோஷனைத் தடவி, கை கழுவியபின் நீல விளக்கில் காட்டினால், கட்டைவிரலும் நகக்கண்ணும் விடுபட்டது அவரவர் கண்ணுக்கே தெரியும். லைனின் ஹப்பை (மருந்து செலுத்தும் வாயை) கடிகாரம் பார்த்து 15 நொடி தேய்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் செய்து காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். புதிதாகச் சேர்பவருக்கு முதல் டியூட்டிக்கு முன்பே இது நடக்கட்டும்; துப்புரவுப் பணியாளர்களையும் சேருங்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியருக்கு வார்டு பொறுப்பும் சேர்த்துக் கொடுக்காமல், இந்த ஒரே வேலைக்கு விடுங்கள்.

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆம்பூல்கள் முதலில் வரட்டும், பயிற்சி அதன் மறுநாள் தொடங்கட்டும். அந்த இரண்டு மெமோக்களையும் திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்கள்