கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருமகளையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

ஆள் கடத்தலை ஒழிக்க எந்த அரசாங்கமாவது உருப்படியாக எதையாவது செய்கிறதா என்று கேட்டிருந்தாய். நாடுகளைத் தரம் பிரித்து அமெரிக்க வெளியுறவுத் துறை வருஷா வருஷம் போடும் அறிக்கையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிரேசில் செய்த காரியம்தான் சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1888இல் அடிமைமுறையைச் சட்டம் போட்டு ஒழித்த நாடு அது. நூறு வருஷம் கழித்து, 1989இல், பாரா மாநிலத்துப் பண்ணை ஒன்றிலிருந்து தப்பி ஓடிய 17 வயதுப் பையனைச் சுட்டார்கள். கூட ஓடியவர் செத்துப்போனார். பையன் பிணம்போலக் கிடந்து பிழைத்தான். வழக்கு அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையம் வரை போனது. 1995இல் ஜனாதிபதி கார்டோசோ, நாட்டில் அடிமை வேலை இன்னும் நடக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த வருஷமே நடமாடும் ஆய்வுக் குழு வந்தது. தொழிலாளர் ஆய்வாளர்கள், அரசு வழக்கறிஞர், போலீஸ் என்று எல்லோரும் ஒன்றாக, முன்கூட்டிச் சொல்லாமல் பண்ணைக்குள் இறங்குவார்கள்.

அங்கேயும் முன்பணம்தான், சுந்தரம். நம் சூளை மேஸ்திரி போலவே ஒருவன் ஏழை ஊர்களுக்குப் போய் ஆள் பிடிப்பான். பஸ் செலவு, சாப்பாடு, வெட்டுக்கத்தி, பூட்ஸ் எல்லாம் கடனில் ஏறும். பண்ணைக் கடையில் கொள்ளை விலை. எவ்வளவு உழைத்தாலும் கணக்கு தீராது. ஆய்வுக் குழு அந்தக் கணக்கைத்தான் கையில் எடுக்கிறது. கடனைச் செல்லாது என்று தள்ளி, கொடுக்காத கூலியைக் கணக்குப் போட்டு முதலாளியிடம் கேட்கிறது. மீட்கப்பட்டவருக்கு அரசு மூன்று மாதம் உதவித்தொகையும் தருகிறது. 1995 முதல் இதுவரை 60,000 பேருக்கு மேல் வெளியே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வங்கியில் இருந்தவனாக எனக்கு ரொம்பப் பிடித்தது. அடிமை வேலை வாங்கியதாக முடிவான முதலாளிகளின் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. பெயர் இரண்டு வருஷம் அதில் இருக்கும். அரசு வங்கிகள் கடன் தராது. அடி சரியான இடத்தில் விழுகிறது என்பதற்கு அந்த முதலாளிகள் காட்டிய எதிர்ப்பே சாட்சி: கட்டுமான முதலாளிகளின் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு, 2014 கடைசியில் பட்டியலை நிறுத்தவே வைத்தது. 2017இல்தான் மறுபடி வெளிவந்தது. அதே வருஷம் அடிமை வேலைக்கான வரையறையைச் சுருக்க அரசே ஓர் ஆணை போட, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

இதற்கு உயிரும் போயிருக்கிறது. 2004 ஜனவரி 28 அன்று உனாயி என்ற ஊருக்கு அருகே ஆய்வுக்குப் போன மூன்று ஆய்வாளர்களையும் ஓட்டுநரையும் சுட்டுக் கொன்றார்கள். அடிமை வேலையும் ஓய்ந்துவிடவில்லை. 2023இல் தெற்கே திராட்சை அறுவடைக்குக் கூட்டிவந்த 207 பேரை மீட்டார்கள்; மிளகு ஸ்பிரே அடித்தும் மின்சார அதிர்ச்சி கொடுத்தும் வேலை வாங்கியிருக்கிறார்கள். ஜெயிலுக்குப் போன முதலாளிகள் மிகக் குறைவு என்பது எனக்கு ஆறாத கோபம்.

இருந்தாலும் அங்கே கூலியும் உதவித்தொகையும் அந்தத் தண்டனைக்காகக் காத்துக் கிடப்பதில்லை. நம் நாட்டில் 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. மீட்கப்பட்டவர்களுக்கான 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண் தொழிலாளிக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் என்று தொகையும் உயர்ந்தது. ஆனால் உடனடி உதவி போக மீதியை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு முடிவதற்குள் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? அடுத்த மேஸ்திரியின் முன்பணத்தைத்தானே?

மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குக் கொடுக்கும் விடுதலைச் சான்றிதழ்க் கோப்புகளை நீ கையாண்டவன். சூளைக்காரனிடமிருந்து பாக்கிக் கூலியை அங்கேயே வாங்கித் தர உங்கள் அலுவலகத்தில் யாராவது முயன்றதுண்டா? என்ன தடை வந்தது? நினைவிருப்பதை எல்லாம் விரிவாக எழுது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் படித்துக் காட்டுவேன்.

அன்புடன்,
ராமநாதன்