நுனிப்புல் என்று சொல்லாதே

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் விடாதே. தாளிப்பு நெடியும் புகையும் கண்ணுக்கு ஆகாது. இங்கே அனைவரும் நலம். வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது, கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது. சின்னவளுக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் கிடைத்து, ரயிலில் போய் வருகிறாள். வீட்டுக்காரிக்கு அதில் கவலை, எனக்கு இல்லை.

கடைசிப் பக்கத்தில் பேரனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். வினாடி வினாவுக்குத் தயாராகிறேன் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்க விக்கிப்பீடியாவில் கிடக்கிறான், எரிமலையில் ஆரம்பித்துக் கிரிக்கெட்டில் போய் நிற்கிறான், எல்லாம் நுனிப்புல் மேய்ச்சல், நீயாவது அவனுக்குப் புத்தி சொல் என்று கேட்டிருந்தாய். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உன்னோடு உடன்பாடு இல்லை.

தலைநகரங்களையும் நாணயங்களையும் அவன் உருப்போட்டுக்கொண்டிருந்தால் நீ சொல்வது நியாயம். நாம் படித்த பொது அறிவு அப்படித்தான் இருந்தது. கேள்விக்கு ஒரு விடை, விடைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. ஆனால் எரிமலையிலிருந்து கிரிக்கெட்டுக்கு எந்த வழியாகப் போனாய் என்று அவனிடம் கேட்டுப் பார்த்தாயா? நடுவில் ஒரு தீவு இருந்திருக்கும், ஒரு கரும்புத் தோட்டம் இருந்திருக்கும், அடிமை வியாபாரம் கூட இருந்திருக்கலாம். அந்த வழியைத்தான் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லித்தரவில்லை. கணக்கு ஒரு பீரியட், வரலாறு ஒரு பீரியட். மணி அடித்ததும் ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தோம்.

எனக்கு இது உறைத்தது புதுச்சேரியால். அங்கே இருந்த பழைய கோட்டை எப்போது இடிந்தது என்று பார்க்கத்தான் தொடங்கினேன். 1761 ஜனவரி 16 அன்று ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால், 12ஆம் தேதி, ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார். 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வந்த மனிதர் தன் ஊர் விழுந்ததைப் பார்க்காமலே போய்விட்டார். சரி, அந்தப் போரால் வேறு யாரெல்லாம் பாதிக்கப்பட்டார்கள் என்று தொடர்ந்து போனபோது ஒரு வானியலாளர் எதிர்ப்பட்டார். பெயர் லெ ஜான்டி, பிரெஞ்சுக்காரர்.

அந்தக் காலத்தில் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் துல்லியமாகத் தெரியாது. வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்துபோகும் நேரத்தைப் பூமியில் வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தால் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஒரு வழி கண்டிருந்தார்கள். அந்தக் கடப்பு எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும், அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வராது. 1761இல் அதைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக லெ ஜான்டி முந்தின வருடமே பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். வரும் வழியிலேயே ஊர் விழுந்த செய்தி வந்தது, கப்பல் திரும்பியது. கடப்பு நடந்த நாளில் அவர் நடுக்கடலில். ஆடுகிற கப்பலில் எதை அளப்பது?

மனிதர் ஊர் திரும்பவில்லை. அடுத்த கடப்புக்காகக் கிழக்கிலேயே எட்டு வருடம் காத்திருந்தார். 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைப் பகுதியிலேயே ஒரு வானாய்வுக் கூடம் அமைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலை வானம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. 1771இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி உறவினர்கள் சொத்தைப் பிரிக்கும் வேலையில் இருந்தார்கள். அதே 1769 கடப்பைத் தாகித்தித் தீவில் நின்று அளந்தவர் கேப்டன் குக். அவர் கதை புத்தகத்துக்குப் புத்தகம் இருக்கிறது. இவரைப் பற்றி நம் பக்கத்தில் யார் பேசினார்கள்? நம் காலத்தில் 2004 ஜூன் 8 அன்று வெள்ளி அப்படிக் கடந்தது, 2012இல் மறுபடி. இனி 2117இல்தான். 2004 என்றால் டிசம்பர் 26 தவிர வேறெதுவும் தேவனாம்பட்டினத்தில் யாருக்கும் நினைவு வராது, அது வேறு.

இதோடு முடிந்திருந்தால் ஒரு துரதிர்ஷ்டசாலியின் கதை, அவ்வளவுதான். ஆனால் லெ ஜான்டி புதுச்சேரியில் சும்மா இருக்கவில்லை. நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். முன்பே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தைத் தமிழ் முறை, ஐரோப்பிய முறை இரண்டிலும் போட்டுப் பார்த்தார்கள். கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாக வந்தது. ஐரோப்பாவில் அன்றைக்குச் சிறந்தது என்று வைத்திருந்த மாயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது. பிறகு 1825இல் வாரன் என்பவர் புதுச்சேரியில் இன்னொருவரைப் பார்த்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணை எதையும் பார்க்காமல், எண்களைச் சொற்களாக்கி வைத்த மனப்பாட வாக்கியங்களை வைத்தே அந்த வருடச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது, முடிவு 52 நிமிடம் பிசகியது. இரண்டு செய்தியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மார்தட்டுகிறவர்கள் நிறைய. சோழிக்காரருக்கு அந்தக் கணக்கின் காரணகாரியம் எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று வாரன் எழுதியிருக்கிறார். ஆனால் காரணம் தெரியாத ஒருவர் கையிலும் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு சிதையாமல் வந்திருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

நாளுக்கு ஒன்றாகச் சந்திரனுக்கு 248 வாக்கியம். ஏன் 248? சந்திரன் பூமிக்கு நெருங்கி வந்து விலகும் சுற்று 248 நாளில் கிட்டத்தட்டச் சரியாக ஒன்பது முறை முடிகிறது. நம் வீட்டு வாக்கியப் பஞ்சாங்கம் அந்த வழியில் வந்ததுதான். கோட்டை, போர், நாட்குறிப்பு, வெள்ளிக் கோள், தாகித்தி, சோழி என்று போய் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தில் வந்து நின்றேன். இதை நுனிப்புல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வேண்டுமா? திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்களைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், நினைவிருக்கும். சுமார் 2 கோடி வருடப் பழசு. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டவை என்கிறார்கள். அவை புதைந்து கிடக்கும் பாறைக்கு உலகம் முழுக்கப் புவியியலில் என்ன பெயர் தெரியுமா, கடலூர் மணற்கல்! நம் கேப்பர் மலைச் செம்மண் மேடும் அதேதான். நெய்வேலியில் நீ வேலை பார்த்த காலமெல்லாம் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெட்டி அகற்றிக்கொண்டிருந்ததும் அதே மணற்கல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் நிற்பதும் அந்தச் செம்மண்ணில்தான். முந்திரி பிரேசில் நாட்டு மரம், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. இன்று முந்திரிக்கொல்லை இல்லாத பண்ருட்டியை நினைக்க முடியுமா? தானே புயலில் அவை சாய்ந்து கிடந்ததைப் பார்த்து அழுத குடும்பங்கள் நமக்குத் தெரியும்.

இவ்வளவு அகலம் தமிழில் எப்படி வந்தது என்பதும் பேரனுக்குத் தெரிய வேண்டும். யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் அபிதான கோசம் என்ற கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வழியாக வந்தது. புராணம், புலவர், அரசர் எல்லாம் ஒரு தனி மனிதரின் உழைப்பு. அப்புறம் பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம். 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. நம் பள்ளி நூலகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்ததே, அதுதான். இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை முன்னின்று வளர்த்த மயூரநாதனும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், தொழிலால் கட்டடக் கலைஞர். 2017இல் ஒரு லட்சம் கட்டுரை, இப்போது ஒன்றரை லட்சத்துக்கு மேல். சம்பளம் வாங்காமல் எழுதியவர்கள்!

ஆனால் குறையையும் சொல்ல வேண்டும். தபால் ஆபீசில் இருந்த காலத்தில் குண்டு உப்பலவாடிக்கு எத்தனையோ கடிதம் வகை பிரித்துப் போட்டிருக்கிறேன். 1690இல் ஆங்கிலேயக் கும்பினிக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு சுட்டு, அது விழுந்த தூரம் வரை தங்கள் எல்லை என்று வளைத்துக்கொண்ட ஊர்களில் அதுவும் ஒன்று. இப்படி ஒவ்வொரு ஊருக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. விக்கிப்பீடியாவில் தேடினால் பல கிராமங்களுக்கு இரண்டு வரி, மக்கள்தொகை, அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்து மீனவர் கொண்டல், கச்சான், சோழகம் என்ற காற்றுகளை வைத்துக் கடலைப் படிக்கிறார். அந்த அறிவுக்கு அங்கே இடம் குறைவு. காரணம், அச்சில் வந்த சான்று வேண்டும். சான்று இல்லாத வரிக்குப் பக்கத்தில் 'மேற்கோள் தேவை' என்று போட்டுவிடுவார்கள். அது சரியான விதி, நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் எழுதப்படாத அறிவு அந்த விதியின் வெளியே நிற்கிறது. அதை முதலில் யாராவது எழுதி அச்சேற்ற வேண்டும்.

லெ ஜான்டி கடலில் அலைந்த வருடங்களில் பாரிசில் தீதரோ என்ற எழுத்தாளர் தன் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1751 முதல் 1772 வரை, 17 தொகுதி கட்டுரை, 11 தொகுதி படம். நடுவில் அரசாங்கம் அனுமதியை ரத்து செய்தும் விடவில்லை. அவர் அப்பா கத்தி செய்கிறவர். அதனாலோ என்னவோ, பட்டறைகளுக்குப் போய்த் தொழிலாளிகளிடம் கேட்டு, கருவிகளைப் படம் போட்டுச் சேர்த்தார். தத்துவத்துக்கும் ஆணி அடிப்பதற்கும் ஒரே மரியாதை. எனக்கு அந்த மனிதரிடம் பிடித்தது இதுதான்.

இப்போது என் வேண்டுகோள். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் மேல்நோக்கி அழுத்துகிறது, அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும் என்று திண்ணையில் உட்கார்ந்து எனக்கு விளக்கியவன் நீ. பம்ப்பு நின்றால் என்ன ஆகும், மண் எப்போது சரியும், பக்கெட் சக்கரத்தின் பல்லைத் தேய்ப்பது எந்த அடுக்கு, இதையெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போகிறீர்கள். நீ கோயம்புத்தூரில் மகன் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாய். அதை எழுது. தெரிந்ததைத் தெரிந்தபடி ஒரு நோட்டில் எழுது. இங்கே யாராவது பத்திரிகைக்கோ சிறு புத்தகத்துக்கோ கொண்டுபோக நான் அலைகிறேன். விக்கிப்பீடியாவுக்கு வேண்டிய சான்று புவியியல் அறிக்கைகளில் கிடைக்கும். உன் அலமாரியில் பழைய தொழில்நுட்பப் புத்தகங்கள் இருந்தால் தலைப்பும் வருடமும் குறித்து அனுப்பு. தட்டச்சு உன் பேரன் பார்த்துக்கொள்ளட்டும், அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. எரிமலையிலிருந்து தாத்தாவின் சுரங்கத்துக்கும் அவன் ஒரு வழி கண்டுபிடிப்பான்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். பலா அப்போது கிடைக்காது, ஆனியில் வந்தால் பண்ருட்டியில் நேரே தோப்பிலேயே வாங்கிக்கொள்ளலாம். எப்போது வந்தாலும் பையனைக் கூட்டிக்கொண்டு வா, திருவக்கரைக்குப் போவோம். தங்கச்சிக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. பதிலில் அந்தத் தண்ணீர் விஷயத்தை ஒரு பக்கமாவது எழுதி அனுப்பு.

உன் அன்பு நண்பன்