மேம்பட்ட தேடலைத் திரும்பத் தாருங்கள்

பெருமதிப்பிற்குரிய நூலக இயக்குநர் அவர்களுக்கும் நூற்பட்டியல் பிரிவினருக்கும் வணக்கம்.

நம் நூலகத்தின் இணையவழி நூற்பட்டியல் சென்ற மாதம் புதுப்பிக்கப்பட்டபோது மேம்பட்ட தேடல் பக்கமும் தேடல் கட்டளைகளும் நீக்கப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அவற்றை மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த மணிமேகலையைச் சென்ற வாரம் தேடினேன். முன்பெல்லாம் தலைப்புக்கு ‘மணிமேகலை’, ஆசிரியருக்கு ‘சாமிநாத’ என்பதோடு ஒரு நட்சத்திரக் குறி, ஆண்டு அவர் மறைந்த 1942 வரை என்று கொடுத்தால் போதும். ‘சாமிநாதையர்’ என்றோ ‘சாமிநாத ஐயர்’ என்றோ எப்படிப் பதிந்திருந்தாலும், அவர் காலத்துப் பதிப்புகள் மட்டும் வந்து நிற்கும். ‘சுவாமிநாதையர்’ என்றுள்ள பதிவுகளை ‘அல்லது’ கட்டளையால் சேர்த்துக்கொள்ளலாம். இப்போது இருப்பதோ ஒரே ஒரு பெட்டி. அதில் மணிமேகலை என்று இட்டதும், மணிமேகலைப் பிரசுரம் வெளியிட்ட நூல்கள், சமையல் குறிப்பு முதல் சுயதொழில் வழிகாட்டி வரை, திரண்டு வந்தன. சாமிநாதையர் பெயரைச் சேர்த்தேன். இரண்டில் ஏதேனும் ஒரு சொல் இருந்தாலே போதும் என்று புதிய பட்டியல் கருதுகிறது போலும், முடிவுகள் குறைவதற்குப் பதில் பெருகின. 31ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். நூல் அலமாரியில் இருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்கு இன்னும் தெரியாது.

கட்டளைகள் வாசகர்களைக் குழப்புவதால் நீக்கினோம் என்று பதில் கிடைத்தது. மர இழுப்பறைகளில் அட்டைகள் இருந்த காலத்திலேயே ஆசிரியர் அட்டை வேறு, தலைப்பு அட்டை வேறாகத்தான் இருந்தன. அன்று குழம்பாத வாசகர் இன்று குழம்புவார் என்று கண்டறிந்தவர் எவரோ. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்று 1931இலேயே நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவதாக எழுதிவைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். அவருடைய படம் புதிய முகப்பில் அழகாகச் சுழல்கிறது. படத்துக்குக் கிடைத்த இடம் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்னும் மூன்று பெட்டிகளுக்குக் கிடைக்கவில்லை.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். ஒற்றைப் பெட்டி போதும் என்போருக்கு அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே மேம்பட்ட தேடலுக்கான இணைப்பையும், கட்டளைகளைத் தமிழில் விளக்கும் ஒரு பக்கத்தையும் சேர்த்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கிடையில், அந்த 1898ஆம் ஆண்டுப் பதிப்பு நம்மிடம் உள்ளதா என்று பிரிவினர் எவரேனும் பார்த்துச் சொன்னால், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நூலக உறுப்பினர் ஒருவர்