இருபத்திரண்டாங் கிளாஸ் சித்தி

துர்கு, பின்லாந்து
ஜனவரி கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்புவோட லெட்டர் போன வாரமே வந்துடுச்சு. பொங்கலன்னைக்கு நீ கூப்பிட்டதையும் பாத்தேன்க்கா, அப்ப லேப்ல இருந்தேன், வீட்டுக்கு வந்து கூப்பிடலாம்னா அங்க நடுராத்திரி, அப்படியே நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிடுச்சு. கோவிச்சுக்காத.

லெட்டர்ல அவ கேட்டிருக்கறது ஒரே கேள்விதான், "சித்தி நீ எத்தனாவது படிக்கிற, எப்ப பாஸ் ஆவ?" கீழ தம்பி கிரேயான்ல ஒரு பொம்பளை படம் போட்டு கையில பெரிய ஊசி குடுத்திருக்கான், அது நானாம். பதில் பேப்பர்லதான் வரணும், மிஸ்கிட்ட காட்டணும்னு கண்டிஷன் வேற. அதனால மொத ரெண்டு தாள் பசங்களுக்கு, நீ படிச்சுக் காட்டு. மூணாவது தாள் உனக்கு மட்டும். மறந்து அதையும் ஸ்கூலுக்கு குடுத்து அனுப்பிடாத தாயே.

பாப்பு கண்ணு, தம்பி சாமி,

மொதல்ல கணக்கு. சித்தி பன்னெண்டாவது முடிச்சேனா, அப்பறம் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல ஜியாலஜி மூணு வருஷம், ஆச்சா பதினஞ்சு. எம்.எஸ்சி ரெண்டு, பதினேழு. இங்க வந்து பிஎச்.டி., இது அஞ்சாவது வருஷம். கூட்டிப் பாரு. இருபத்திரண்டாங் கிளாஸ்! ஒரு தடவை கூட ஃபெயில் ஆகலை, மிஸ்கிட்ட சொல்லு.

தம்பி, சித்தி ஊசி போடுற டாக்டர் இல்லடா. அம்மாயிதான் தெரு பூரா டாக்டருக்குப் படிக்கிறான்னு சொல்லி வெச்சு, எதுத்த வீட்டு அத்தை போன்ல பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்குறாங்க. படம் சூப்பரா இருக்கு, ஊசிய மட்டும் அழிச்சுட்டு ஒரு கல்லை வரைஞ்சு குடு.

ஏன்னா சித்தி படிக்கிறது கல்லு. அதுவும் நம்ம ஊரு கல்லு. ஓமலூர் பஸ்ல போறப்ப மாமாங்கம் பக்கம் வெள்ளை வெள்ளையா மேடு தெரியும்ல, அதுதான். ட்ரெயின்ல போனா மேக்னசைட் ஜங்ஷன்னு ஸ்டேஷனே இருக்கு, கல்லு பேர்ல ஸ்டேஷன் வெச்சிருக்கற ஊரு நம்மது. வெள்ளைக்காரங்க அதைப் பாத்துட்டு சாக்பீஸ் மலைன்னு நெனச்சு சாக் ஹில்ஸ்னு பேரு வெச்சுட்டாங்க, ஆனா அது சாக்கே கிடையாது, மேக்னசைட். நம்ம பக்கம் வெள்ளைக்கல்லு. அதைச் சூளையில சுட்டுத்தான் இரும்பு உருக்குற உலைக்கு உள்பக்கம் வெக்கிற செங்கல் செய்யறாங்க, அந்தச் சூட்டுக்கும் உருகாம நிக்கும்.

இப்ப ஒரு அதிசயம் சொல்றேன். தாத்தா வெள்ளிப் பட்டறையில இருக்கற தராசுல ஒரு கிலோ வெள்ளைக்கல்லை வெச்சா, அதுல அரைக் கிலோவுக்கும் மேல காத்து! நாம மூச்சை வெளிய விடறப்ப வருதே கார்பன் டை ஆக்சைடு, அந்தக் காத்து. சூளையில சுட்டா அது மறுபடி ஓடிப் போயிடும், கல்லு பாதி எடை ஆயிடும். தாத்தாகிட்ட சொல்லிப் பாரு, வெள்ளியில இப்படிப் பாதி போனா என்ன ஆகும்னு கேட்டு மயக்கமே போட்டுருவாரு.

காத்து எப்படி கல்லுக்குள்ள போச்சு? சோடா பாட்டில்ல காத்து தண்ணிக்குள்ள ஒளிஞ்சிருந்துட்டு மூடியத் திறந்தா புஸ்ஸுன்னு வருதுல்ல, அந்த மாதிரி காத்து கரைஞ்ச தண்ணி ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி நம்ம மலைக்குள்ள விரிசல்ல எறங்கியிருக்கு. அந்தத் தண்ணிக்கு லேசா புளிப்பு. அங்க இருந்த பழைய கல்லு பேரு டூனைட், பச்சையா இருக்கும், அதுக்குள்ள மக்னீசியம் நெறைய. புளிப்புத் தண்ணி அதை மெல்ல மெல்ல அரிச்சு மக்னீசியத்தை வெளிய இழுத்து, அதுவும் காத்தும் சேந்து விரிசல்லயே வெள்ளையா இறுகிப் போச்சு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா பாறைய உத்துப் பாரு, நரம்பு நரம்பா ஓடும்.

இப்ப கார், ஃபேக்டரி எல்லாம் அந்தக் காத்தை ரொம்ப விட்டு உலகமே சூடாகுதுன்னு உங்க புக்லயும் வரும். அதைப் புடிச்சு கல்லாக்கிட்டா வெளிய ஓட முடியாதுல்ல? ஐஸ்லாந்துன்னு ஒரு நாடு, அங்க 2012-ல இப்படித் தண்ணியில கரைச்சு பூமிக்குள்ள எரிமலைக் கல்லுக்குள்ள விட்டாங்க, ரெண்டு வருஷத்துக்குள்ள 95 சதவீதத்துக்கும் மேல கல்லாயிடுச்சு. ஆனா அங்க வந்தது வேற கல்லு. நம்ம வெள்ளைக்கல்லு அடம் புடிக்கிற ஜாதி. மக்னீசியம் தண்ணியில எறங்குனதும் தண்ணியோட குட்டித் துணுக்கு ஆறு அதைச் சுத்தி ஒட்டிக்கும், காத்தைக் கிட்டவே விடாது. நல்லா சூடு பண்ணா விலகும். ஆனா சூடு பண்ண எதையாவது எரிச்சா மறுபடி அதே காத்துதானே வரும்? அப்ப சூடு பண்ணாம அதை எப்படி விலக்கறது? இதுதான் சித்தியோட கேள்வி. இத்தனை வருஷமும் இந்த ஒரே கேள்விதான், வேற சப்ஜெக்டே கிடையாது, தமிழ் இல்ல, கணக்கு இல்ல, பி.டி. பீரியட் கூட இல்ல.

உங்க கேள்விக்கு விடை மிஸ்ஸுக்குத் தெரியும். என் கேள்விக்கு என் சாருக்கே தெரியாது. கேட்டா "தெரியலையே, பாத்துச் சொல்லு"ன்னு டீ குடிக்கப் போயிடுவாரு. கொஞ்ச வருஷம் முன்னாடி கனடாவுல சில பேரு கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டையத் தண்ணியில போட்டு, சூடே பண்ணாம 72 நாள்ல இந்தக் கல்லை வரவெச்சுட்டாங்க. அதையே நானும் சொன்னா பாஸ் போட மாட்டாங்க, யாரும் சொல்லாததா ஒண்ணு சொல்லணும், அது எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல. அதுக்குத்தான் தினமும் பாட்டில் பாட்டிலா வெச்சுட்டு உக்காந்திருக்கேன். வெள்ளையா ஒரு பொடி வரும், ஆசையா மெஷின்ல வெச்சுப் பாத்தா உள்ள தண்ணி மாட்டியிருக்கு, இது மேக்னசைட் இல்லன்னு சொல்லிடும். பாட்டிலைக் கழுவிக் கவுத்துட்டு மறுபடியும் மொதல்ல இருந்து.

எப்ப பாஸ்னு கேட்டியே. கண்டுபுடிச்சதை ஒரு புக்கா எழுதணும், வேற ஊருல இருந்து ரெண்டு பெரியவங்க படிச்சு சரின்னு சொல்லணும். அப்பறம் ஒரு நாள் ஹால்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, எதிராளின்னே ஒருத்தரை வரவெச்சு கேள்வி கேப்பாங்க, மணிக்கணக்கா. கதவு திறந்தே இருக்கும், யாரு வேணா வந்து உக்காந்து கேக்கலாம், நீங்களும்.

தம்பி இப்பத்தான் நல்லா கவனி. இந்த நாட்டுல டாக்டர் பட்டம் வாங்கினா ஒரு கருப்புத் தொப்பியும் ஒரு வாளும் உண்டு. நெச வாளு! விழாவுக்கு மொத நாள் சாணைக்கல்லுல தீட்டுவாங்க. முனியப்பன் சாமி அருவா அளவுக்குப் பெருசு இல்ல, ஏமாந்துடாத. அந்த வாளை அவங்க சும்மா குடுக்க மாட்டாங்க, நாமதான் காசு போட்டு வாங்கணும், விழாவும் சில வருஷத்துக்கு ஒருக்காதான் வெப்பாங்க, அதனால வாளு எப்ப வரும் வாளு எப்ப வரும்னு தெனம் அம்மாவப் புடுங்காத.

இங்க டிசம்பர்ல மூணரை மணிக்கெல்லாம் இருட்டிடும், மத்தியானம் மூணரை. ரோடு பூரா கண்ணாடி மாதிரி ஐஸ். என் வீட்டுக்குக் கீழ ஒரு தாத்தா இருக்காரு. கதவு ஓட்டை வழியா பாத்து, படிக்கட்டுல யாரும் இல்லன்னாதான் வெளிய வருவாரு, நான் இங்க வந்து இத்தனை வருஷத்துல என்கிட்ட பேசினது "ம்" மட்டும்தான். ஆனா மைனஸ் பதினெட்டுல, உறைஞ்ச கடல்ல ஓட்டை போட்டு வெச்சிருக்கற இடத்துக்கு துண்டை எடுத்துட்டுப் போய் முங்கிட்டு வருவாரு! இந்த மாசம் நான் ரோட்டுல வழுக்கி விழுந்ததை ஜன்னல் வழியா பாத்திருப்பாரு போல, மறுநாள் என் கதவுக் கைப்பிடியில ஷூவுக்கு அடியில மாட்டற ஆணி வெச்ச ரப்பர் தொங்குது. சீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப விடிகாலை மூணு மணிக்குக் கூட தைரியமா நடக்கறேன்.

பதிலுக்கு தட்டுவடை செட் செஞ்சு குடுத்தேன். தட்டுவடைக்கு இங்க எங்க போறது, கம்பு மாதிரி ரை-ன்னு ஒரு தானியத்துல மொறுமொறுன்னு ரொட்டி விக்கறாங்க, அதை உடைச்சு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, காரச் சட்னி. பீட்ரூட் இந்த ஊருல கொட்டிக் கெடக்கு, நம்ம ஊரு சாமான்ல அது ஒண்ணுதான் மலிவா கிடைக்குது. தாத்தா தட்டைக் கழுவி கதவுக்கு வெளிய வெச்சிருந்தாரு, அதுல அவங்க ஊரு கருப்பு மிட்டாய் ஒரு பாக்கெட். மிட்டாய்னா இனிப்புன்னு நெனச்சுடாத, உப்பு! உங்களுக்கும் அனுப்பறேன், மொதல்ல அப்பாவச் சாப்பிட வெச்சு மூஞ்சியப் பாருங்க.

போன தடவை நம்ம தாத்தா எனக்கு ஒரு வெள்ளைக்கல்லு பேப்பர்ல சுத்திக் குடுத்தாருல்ல, கல்லு லேப்ல டப்பாவுக்குள்ள இருக்கு, டப்பா மேல சேலம்னு எழுதியிருக்கேன். அந்தப் பேப்பரு என்கிட்டதான் இருக்கு. அதுல கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை நியூஸ் பாதி இருக்கு, ஒரு நகைக்கடை விளம்பரம், ஏற்காடு பஸ் டைமிங் மாத்துனது, யாரோ ஒருத்தர் வீட்டு வருஷ திதி. எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. நியூஸ் மட்டும் பாதியில கிழிஞ்சிருக்கு, பூச்சாட்டு முடிஞ்சதும் அப்பறம் என்னன்னு நமக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் தினமும் அந்த எடத்துக்கு வந்தா நின்னுடறேன். இப்பக் கூட... சரி விடு. பாப்பு, நீ பண்டிகைக்குப் போனா ராட்டினத்துல எத்தனை சுத்து போனன்னு எழுது.

அக்கா, இனிமே உனக்கு.

மே மாசம் வந்து சேர்வராயன் கோயில் தேருக்கு பசங்களை ஏற்காடு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன், இப்ப உறுதியா சொல்லாத. லேப்ல வேலை இருக்கு, டிக்கெட்டும் அந்த சமயத்துல ஏறிடுது. ரெண்டு மாசமா பணம் வரலைன்னு அப்பா கேட்டா பேங்க்ல ஏதோ மாத்துறாங்கன்னு சொல்லிடு. நாலு வருஷக் காண்ட்ராக்ட் முடிஞ்சா கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்குமாம், ஒரு அப்ளிகேஷன் போட்டிருக்கேன், மார்ச்ல சொல்லுவாங்க, அதை அப்பாகிட்ட சொல்ல வேண்டாம். சாப்பாட்டுக்கெல்லாம் குறையே இல்ல. விடிகாலை நடக்கறதால உடம்பும் நல்லாதான் இருக்கு, ஏரியாவுல எந்த அப்பார்ட்மென்ட்ல எத்தனை மாடி, எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர்னு எனக்கு அத்துப்படி.

அம்மா முட்டிக்கு மறுபடி எண்ணெய் தேச்சுட்டே உக்காந்திருந்தா விடாத, எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். மாமாவ லீவு போடச் சொல்லு, அப்பா சொன்னா அம்மா கேக்காது. வெள்ளி விலை போற போக்குல கொலுசு ஆர்டர் எப்படி வரும்னு நெனச்சாலே பயமா இருக்கு, பட்டறையில எத்தனை பேரு இப்ப வேலைக்கு வர்றாங்க? அப்பா என்கிட்ட கேட்டா "பரவால்ல"ன்னு மட்டும் சொல்றாரு, அந்தப் பரவால்லய நான் நம்பல. ஓமலூர் ஜாதகத்தை திருப்பிக் குடுத்துடுங்க, மரியாதையா குடுங்க, அத்தை மனசு நோகாம. அந்தப் பையன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, படிப்பு முடியாம ஒருத்தரை காக்க வெக்கிறது நல்லா இல்ல.

பெரிய விஷயம் கன்னங்குறிச்சி இடம். பெரியப்பா கொண்டு வந்த பேப்பர்ல அப்பா கையெழுத்து போட்டுட்டாரா? போடலைன்னா நிறுத்து. அண்ணன் கேக்குறாருன்னு படிக்காம போட்டுருவாரு, அதுல கெணத்துப் பங்கும் வண்டித் தடமும் எழுதியிருக்கான்னு மாமாவ ஒரு தடவை வரி வரியா படிச்சுப் பாக்கச் சொல்லு. சண்டைக்குப் போக வேண்டாம், பெரியம்மா பாவம், சின்ன வயசுல நம்ம ரெண்டு பேருக்கும் தலை பின்னி விட்டவங்க. வில்லங்கம் ஆன்லைன்லயே எடுத்துடலாம், சர்வே நம்பர் அப்பாவோட பச்சை ஃபைல்ல இருக்கு, பீரோவுல மேல் தட்டு, சாவி அம்மா சேலை மடிப்புக்குள்ள வெச்சிருக்கும். தாய்ப் பத்திரத்தையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்ல அனுப்பு, எல்லாப் பக்கமும், முத்திரை தெரியற மாதிரி. பெரியப்பா ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னாருன்னா சனிக்கிழமைக்குள்ள எடுத்துடு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி