கேப்சூல் எடை குறைந்தால் உடனே மெஷின் திருகைத் தொடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 30 கேப்சூல் என்று அச்சிட்ட புட்டியில் எண்ணிப் பார்த்தால் 29 இருக்கிறது. அல்லது ஒரு கேப்சூலின் மூடி கழன்று, உள்ளிருந்த தூள் மற்றவற்றின் மேல் அப்பிக் கிடக்கிறது. வாங்கியவருக்கு அது ஒரு வேளைக்கான மருந்து. இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை பெரிய பழுதால் வருவதில்லை. தளர்ந்த ஸ்பிரிங், அடைத்துப்போன ஃபில்டர், தூசி படிந்த சென்சார் கண்ணாடி போன்றவைதான் காரணம். அவற்றைச் சரிசெய்யாமல் செட்டிங்கை மட்டும் மாற்றி மெஷினை ஓட்டும் பழக்கம் மருந்து ஆலைகளில் வேரூன்றிவிட்டது. அது மாற வேண்டும்.

தூளை அழுத்திக் கேப்சூலில் நிரப்பும் டாம்பிங் வகை ஃபில்லிங் மெஷினில், தூளை அளக்கும் சுழல் தட்டான டோசிங் டிஸ்க்கின் துளைகள் ஆறு தொகுதிகளாக இருக்கும். ஐந்து இடங்களில் பின்கள் இறங்கித் தூளை அழுத்தும். ஆறாவது இடத்தில் அந்தக் கட்டி கேப்சூலின் அடிப்பாகத்துக்குள் தள்ளப்படும். எடை குறைந்ததும் பலர் செய்வது, திருகைத் திருப்பி அந்தப் பின்கள் இறங்கும் ஆழத்தைக் கூட்டுவது. சராசரி சரியாகிவிடும், கோளாறு அப்படியே இருக்கும். ஒரு துளையில் குறைவாகவும் அடுத்ததில் கூடுதலாகவும் விழுவதைச் சராசரி காட்டாது. அதனால்தான் மருந்துத் தர நூலான ஃபார்மகோபியா 20 கேப்சூல்களைத் தனித்தனியாக எடை போடச் சொல்கிறது. உள்ளிருக்கும் தூளின் சராசரி எடை 300 மி.கி.க்குக் குறைவென்றால் அந்தச் சராசரியிலிருந்து 10 சதவீதம், 300 மி.கி.யும் அதற்கு மேலும் என்றால் 7.5 சதவீதம், இந்த எல்லையை இரண்டுக்கு மேல் தாண்டக் கூடாது, எதுவும் அதன் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. காலிக் கூட்டின் எடையைக் கழித்துப் பார்ப்பதும் முக்கியம். கூட்டுக்குக் கூடு எடை மாறும் என்பதால் மொத்த எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

திருகைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுதான். கேப்சூல்களை ஒரே தட்டில் அள்ளாமல், எந்தச் சுற்றில் (டிஸ்க் ஒரு தொகுதி நகர்வது ஒரு சுற்று) எந்தத் துளையிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் எடுத்து எடை போடுங்கள். எல்லாத் துளையிலும் ஒரே அளவு குறைந்தால் தூளின் மட்டத்தையும் லெவல் சென்சாரையும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தொகுதியின் அதே இடத்துத் துளை மட்டும் குறைந்தால், அந்த இடத்து டாம்பிங் பின்னோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது. ஆறு சுற்றுக்கு ஒருமுறை குறைந்தால் டிஸ்க்கின் அந்தத் துளை அடைத்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது. கேப்சூல்களைச் சுமந்து சுழலும் டர்ரட் ஒரு முழு வட்டம் வரும்போது ஒருமுறை மட்டும் குறைந்தால், கேப்சூல் உட்காரும் துளைகள் (புஷ்கள்) கொண்ட அந்த ஒரு செக்மென்ட் விலகி நிற்கிறது. கால் மணி நேர வேலை. அன்றைய பேட்ச் முழுவதும் திருகைத் திருப்பிக்கொண்டே நிற்பதை இது மிச்சப்படுத்தும்.

டிஸ்க்குக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகக் கூடாது. தட்டு சாய்ந்திருக்கலாம், நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். தூளின் தன்மையைப் பொறுத்து 0.05 முதல் 0.1 மி.மீ. வரை வைப்பது வழக்கம். கூடினால் தூள் கசியும். குறைந்தால் ஒட்டும் தூள் உரசிச் சூடேறி இறுகும்.

மேல், கீழ் புஷ்கள் நேராக நிற்கின்றனவா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அலைன்மென்ட் பின்னைத் துளைக்கு மேல் வைத்து விட்டால், தன் எடையிலேயே வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். விரலால் அழுத்தித்தான் இறங்குகிறது என்றால் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி நேராக்குங்கள். அப்படியே ஓட்டினால் அடிப்பாகத்தின் விளிம்பு மூடியில் மோதிப் பிளக்கும். புஷ் துளையைக் கம்பி பிரஷால் தேய்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்தக் கீறலில்தான் அடுத்த பேட்ச்சின் கேப்சூல் சிக்கும். நைலான் பிரஷ் போதும்.

மூடியும் அடிப்பாகமும் பிரியாமல் கேப்சூல் வந்தால், அதை உறிஞ்சிப் பிரிக்கும் வேக்யூம் பம்ப்பைக் குறை சொல்லும் முன் ஃபில்டர், ஹோஸ், கேஸ்கட் மூன்றையும் பாருங்கள். கேஜில் அளவு சரியாகக் காட்டி, ஒரே செக்மென்ட்டில் மட்டும் பிரியவில்லை என்றால் அங்கே துளை அடைத்திருக்கிறது. ஜெலட்டின் கூடு நொறுங்கினால் முதலில் அறையின் ஈரப்பதம். கூட்டில் 13 முதல் 16 சதவீதம் நீர் இருக்க வேண்டும்; குறைந்தால் உடையும், கூடினால் ஒட்டும். மூடும் பின் அதிகம் ஏறினால் கேப்சூலின் முனை குழியும், போதாவிட்டால் பூட்டு விழாது. 0 எண் கேப்சூல் பூட்டிய பின் சுமார் 21.7 மி.மீ. இருக்க வேண்டும். நீளம் அளக்கும் வெர்னியர் கருவி மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிரீஸ் உணவுத் தரத்தில் இருந்தால் மட்டும் போதாது, அளவாகவும் இருக்க வேண்டும். மிஞ்சிய கிரீஸ் தூளோடு சேர்ந்து கரும்புள்ளியாக மருந்துக்குள் போகும். கழற்றிய ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்) ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், அது கிடைக்கும்வரை மெஷின் ஓடக் கூடாது.

கவுன்டிங் மெஷின் எண்ணுவது கேப்சூலை அல்ல, அதன் நிழலை. ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இரண்டு ஒன்றாகும். காலிக் கூடும் ஒன்றாகவே எண்ணப்படும். ஆகவே காலியைப் பிரிக்கும் சார்ட்டர் முன்னாலேயே ஒழுங்காக ஓட வேண்டும். அதிர்வுத் தட்டின் வேகத்தைக் கூட்டி உற்பத்தியை உயர்த்தப் பார்த்தால் எண்ணிக்கைதான் கெடும். சென்சார் கண்ணாடியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறித் தூசியை மறுபடி இழுக்கும். நிரப்பிய புட்டியை எடை போட்டுப் பார்க்கும் செக்வேயர் இருக்கிறதே என்று நம்பியிருப்பதும் தவறு. சிறிய கேப்சூலின் எடையைவிடக் காலிப் புட்டிகளுக்குள்ள எடை வேறுபாடு அதிகமாக இருந்தால், ஒன்று குறைந்த புட்டி அதில் பிடிபடாது. ஷிஃப்ட் தொடக்கத்திலும் முடிவிலும் 29, 30, 31 என்று கையால் எண்ணிய கேப்சூல்களை ஓடவிட்டு, மெஷின் அதே எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிர்வாகங்களிடம் கேட்பது மூன்று. திருகை எத்தனை முறை, எதற்காகத் திருப்பினார்கள் என்பது பேட்ச் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரே ஷிஃப்ட்டில் மூன்றாவது முறை திருப்ப நேர்ந்தால் மெஷினை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கு இருக்க வேண்டும். ஸ்பிரிங், கேஸ்கட் போன்றவற்றை ஆண்டுக்கொருமுறை என்று தேதி பார்த்து மாற்றாமல், ஓடிய மணிக்கணக்கு பார்த்து மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மருந்து உற்பத்தி இயந்திரப் பராமரிப்புப் பணியாளர்கள்