ஜனத்தொகை பத்தி பேசற கட்சிங்க ஒருதடவ எங்க டைம் ஆபீஸுக்கு வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் பக்கம் ரெட்டிச்சாவடிக்காரன். தினமும் பாண்டி தாண்டி சேதராப்பட்டுல ஒரு கம்பெனிக்கு வேலைக்கு போறேன், டைம் ஆபீஸ் வேலை, அதாவது யார் வந்தாங்க யார் வரல, யாருக்கு எவ்ளோ ஓடி (ஓவர்டைம்), பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) புடிச்சாச்சா, இதெல்லாம் பாக்கறது. கொஞ்ச நாளா உங்க பேப்பர்ல தொகுதி மறுவரையறை, வடக்கத்தி ஆளுங்க, ஊடுருவல், நெறைய புள்ள பெத்துக்கங்கன்னு தலைவருங்க பேசறது மாத்தி மாத்தி வந்துக்கினே இருக்கு, படிக்க படிக்க மனசு கேக்காமதான் எழுதறேன். எல்லா கட்சியும் ஜனங்கள சீட்டு கணக்கா ஓட்டு கணக்கா பாக்குதே தவிர, இங்க பொறந்த புள்ளையும் இங்க வந்து வேலை செய்யற ஆளும் எப்படி பொழைக்குதுன்னு கேக்கற கட்சி ஒண்ணுகூட என் கண்ணுல படல.

முதல்ல சீட்டு விஷயம். மறுவரையறைன்னா ஜனத்தொகைய வச்சி எம்பி சீட்ட மறுபடி பிரிக்கறது, ஜனங்க கம்மியா இருக்கற மாநிலத்துக்கு பங்கு கொறையும்னு பயம். அந்த பயம் நியாயமான பயம்தான், அத நான் கொற சொல்ல மாட்டேன். 1962 எலக்‌ஷன்ல நம்ம மாநிலத்துக்கு 41 எம்பி, 1967ல 39 ஆச்சு. அப்புறம் 1976ல சட்டத்த திருத்தி 1971 சென்சஸ் கணக்கே போதும்னு நிறுத்தி வச்சாங்க, 2001ல மறுபடியும் திருத்தி 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் சென்சஸ் வரைக்கும்னு தள்ளுனாங்க. இப்ப அந்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1ன்னு தேதியே குறிச்சாச்சு. சுவத்துக்கு சுவரு குடும்பக் கட்டுப்பாட்டு சிவப்பு முக்கோணம் வரைஞ்ச காலத்துல, நாம் இருவர் நமக்கு இருவர்னு சொன்னத கேட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க எங்கம்மா தலைமுறை பொம்பளைங்க. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல ஒரு பொம்பளைக்கு சராசரி 1.8 கொழந்த, பீகார்ல 3. சொன்ன பேச்ச கேட்டவங்களுக்கு பார்லிமெண்ட்ல பலம் கொறையும்னா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனா அதுக்கு நம்ம தலைவருங்க சொல்ற வைத்தியம்தான் எனக்கு ஒத்துக்கல. 2024 அக்டோபர்ல ஆந்திராவுல சந்திரபாபு நாயுடு கொழந்தைங்க நெறைய வேணும்னாரு, அடுத்த சில நாள்லயே சென்னையில ஒரு கல்யாண மேடையில அப்ப நம்ம முதல்வரா இருந்த ஸ்டாலினும் பதினாறும் பெற்று வாழ்கங்கறத நெசமாவே பதினாறு புள்ளையா எடுத்துக்கற நெலம வருமோன்னு பேசுனாரு, 2025 மார்ச்சுல நாகப்பட்டினத்துல ஒடனே பெத்துக்கங்கன்னாரு. பெத்துக்கறது யாரு, வளக்கறது யாரு? எங்க கம்பெனி பேக்கிங் செக்‌ஷன்ல வேலை செய்யற பொம்பளைங்கள கேட்டு பாருங்க. முப்பது பொம்பளைக்கு மேல இருந்தா கொழந்தைங்கள பாத்துக்க ஒரு ரூம் குடுக்கணும்னு பழைய ஃபேக்டரி சட்டத்துல எப்பவோ எழுதியிருந்தாங்க. எங்க எஸ்டேட்ல நான் பாத்த கம்பெனிங்கள்ல அந்த ரூம்ல அட்டைப்பெட்டிதான் அடுக்கி வச்சிருக்கு. தமிழ்நாட்டுல அறுபது வயசு தாண்டுனவங்க 2021லயே 13.6 சதவீதம் ஆயிட்டாங்க, வீட்டுல மாமியாரையும் பாத்து புள்ளையையும் பாத்து ஷிஃப்ட்டுக்கும் வர்ற பொம்பளகிட்ட போயி எம்பி சீட்டுக்காக இன்னொண்ணு பெத்துக்கம்மான்னு சொல்றது எந்த ஊரு நியாயம்ங்க.

அடுத்தது வெளியூர் ஆளுங்க விஷயம். 2001ல இருந்து 2011க்குள்ள புதுச்சேரி ஜனத்தொகை 9.74 லட்சத்துல இருந்து 12.48 லட்சம் ஆச்சு, 28 சதவீதம், தமிழ்நாட்டுல அதே பத்து வருஷத்துல 15.6தான். புதுச்சேரி பொம்பளைங்க ஒண்ணும் நெறைய பெத்துக்கல, நாங்கதான் வந்தோம். கடலூர்ல இருந்தும் விழுப்புரத்துல இருந்தும் வேலைக்கு, படிப்புக்கு, ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணும்னு. பாண்டி எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டுனா நானும் வெளியூர்க்காரன்தான், தமிழ்நாட்டு ஆளுங்க எங்க வேலைய எடுத்துக்கறாங்கன்னு பாண்டி பசங்க என் காதுபடவே பேசி கேட்டிருக்கேன், அவங்க வருத்தத்தையும் தப்புன்னு சொல்ல முடியல. அதே பாண்டியில இருந்து போனவங்க எவ்ளோ பேரு. வியட்நாம்ல சைகோன் போனாங்க, ரீயூனியன் தீவுக்கு போனாங்க, 1962ல பிரெஞ்சுக்காரன் முறைப்படி ஒப்படைச்சப்ப பிரெஞ்சு குடியுரிமையே வேணும்னு வச்சிக்கிட்டவங்க குடும்பம் இன்னிக்கும் இங்கயே உக்காந்து அந்த நாட்டு எலக்‌ஷன்ல ஓட்டு போடுது. கடலூர் பக்கம் சிங்கப்பூர், துபாய்க்கு ஆள் அனுப்பாத தெரு இருக்கா சொல்லுங்க.

இப்ப எங்க கம்பெனிக்கு ஒடிசா, பீகார், அசாம்ல இருந்து பசங்க வர்றாங்க. போன வருஷம் நைட் ஷிஃப்ட்ல அதுல ஒரு பையனுக்கு பவர் பிரஸ்ல ரெண்டு வெரல் போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடும்போது இஎஸ்ஐ நம்பர் எங்கன்னு தேடுனா நம்பரே இல்ல, மஸ்டர் ரோல்ல (வருகைப் பதிவேடு) அவன் பேரே இல்ல, கான்ட்ராக்டர் வேற எவனோ ஊருக்கு போனவன் பேருல இவன ஓட்டிக்கினு இருந்திருக்கான். வந்து ஏழு மாசம் ஆன பையன் அவன். வெரல்ல சுத்துன துணி நனைஞ்சு சொட்டிக்கினு இருக்கு, அந்த நேரத்துலயும் அவன் எனக்கு போன்ல ஊரு ஆதார எடுத்து காட்டறான், நான்தான் சார் இது, என் பேரு இதுன்னு. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு சோறு எறங்கறதில்ல. கையில கொஞ்சம் பணத்த குடுத்து விழுப்புரம் ஜங்ஷன்ல ரயில் ஏத்தி விட்டுட்டாங்க, கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல.

வெளிமாநில ஆளு கம்மி கூலிக்கு வந்து நம்ம பசங்க பொழப்ப கெடுக்கறான்னு மேடைக்கு மேடை பேசறாங்க. கம்மி கூலி குடுக்கறது யாருன்னு ஏன் கேக்க மாட்றாங்க? உள்ளூர் பையன வச்சா பிஎஃப் கேப்பான், ஓடி கேப்பான், கட்சிக்காரன கூட்டிட்டு வருவான், அதனாலதான் கான்ட்ராக்டர் அவங்கள எறக்கறான். வெளிமாநில ஆளுக்கும் உள்ளூர் ஆளுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, பாஸ்புக், ஊருக்கு போய்வர செலவு, இதெல்லாம் 1979லயே சட்டம் ஆயிடுச்சு. அந்த சட்டத்துக்கு அஞ்சு பேரு இருந்தா போதும், 2025 நவம்பர்ல வந்த புது லேபர் கோடுல பத்து பேரு இருந்தாதான்னு ஆக்கிட்டாங்க. இத எதுத்து நம்ம பக்கம் மண்ணின் மைந்தர்னு பேசற கட்சி எதுவும் போராடுனதா எனக்கு தெரியல. சட்டப்படி ஒரே கூலின்னு கறாரா புடிச்சா நம்ம பையனுக்கும் அதே கேட்ல வேலை கெடைக்கும். அத விட்டுட்டு உள்ள வர்றதுக்கே பெர்மிட் வேணும்ங்கறது, நாளைக்கு முள்ளோடையில என்னைய நிறுத்தி பெர்மிட் கேட்டா நான் எங்க போறது?

எதிர்பக்கம் இருக்கறவங்களும் சும்மா இல்ல. 2023 மார்ச்சுல தமிழ்நாட்டுல பீகார் ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரப்பி பாட்னாவுல அரசியல் பண்ணாங்க, இங்க எங்க பசங்க வீட்டுல இருந்து அம்மாங்க அழுது போன் மேல போன். 2025 ஆகஸ்ட் 15 அன்னிக்கு செங்கோட்டையில பிரதமர் ஊடுருவல்காரங்களால ஜனத்தொகையே மாறுதுன்னு சொல்லி அதுக்கு ஒரு மிஷன் அறிவிச்சாரு. அப்படி ஒரு பேச்சு வந்துட்டா வங்காளம் பேசற ஏழை ஆளு எல்லாரையும் ஊரு சந்தேகமா பாக்க ஆரம்பிச்சிடும், மேற்கு வங்காளத்துல இருந்து மொறையா வந்த ஆளாவே இருந்தாலும்.

அகதிங்க விஷயத்துலயாவது நம்ம கட்சிங்க ஒண்ணா நின்னிருக்கலாம். குறிஞ்சிப்பாடி முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழருங்க பேரன் பேத்தி எடுத்துட்டாங்க, இன்னும் இந்த நாட்டு ஆளு இல்ல. 2019 டிசம்பர்ல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த முஸ்லிம் அல்லாதவங்களுக்கு குடியுரிமைன்னு சட்டம் கொண்டாந்தப்ப நம்மாளுங்கள அதுல சேக்கல, ராஜ்யசபாவுல 125க்கு 105ன்னு ஜெயிச்சுது, அதுல அதிமுக ஓட்டும் பாமக ஓட்டும் ஆதரவா விழுந்தது. அந்த ஓட்டு மாறியிருந்தா மசோதாவே தோத்திருக்கும். அதே நேரம் எதுத்து ஓட்டு போட்ட திமுகவும் மத்தியில அத்தன வருஷம் ஆட்சியில பங்கு வச்சிருந்தப்ப குடியுரிமை வாங்கி குடுக்கல, 2021ல முகாம் பேர மறுவாழ்வு முகாம்னு மாத்துனாங்க, வீடு கட்டுனாங்க, அது நல்ல காரியம்தான், ஆனா பாஸ்போர்ட் இல்லாத பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு பெயிண்ட் அடிக்கத்தான் போறான். 1986ல மண்டபம் முகாமுல பொறந்த ஒரு அம்மா கோர்ட்டுக்கு போயி போராடி 2024 எலக்‌ஷன்ல முதல் ஓட்டு போட்டாங்க. அத்தன பேரும் கோர்ட்டுக்கு போவ முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த தடவ கடலூர்லயோ புதுச்சேரியிலயோ எந்த கட்சி ஆளு இத பத்தி பேட்டி குடுத்தாலும் உங்க நிருபர் மூணு கேள்வி கேக்கட்டும். வெளிமாநில ஆளுங்கள பதிவு பண்ணாத கான்ட்ராக்டர் மேல என்ன நடவடிக்கை எடுப்பீங்க, ஃபேக்டரில கொழந்தைங்க ரூம எப்ப தொறக்க வைப்பீங்க, குறிஞ்சிப்பாடி முகாம் புள்ளைங்களுக்கு குடியுரிமை கேட்டு பார்லிமெண்ட்ல தீர்மானம் கொண்டு வருவீங்களா. வர்ற பதில வெட்டாம அவங்க பேரோட போடுங்க, பதில் சொல்லலன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ரெட்டிச்சாவடி, கடலூர் மாவட்டம்.