அலமாரியில் இத்தனை பால் எதற்கு?

முருகன் துணை

காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. போன் போட்டால் ‘சரி அப்பச்சி, அப்புறம் கூப்பிடுறேன்’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது.

போன தடவை பிரான்சில் உன் அடுப்படியில் நின்று வீடியோவில் பேசினாயே, உனக்குப் பின்னால் அலமாரியில் பால் பெட்டிகள் அடுக்கியிருந்ததை ஆத்தா பார்த்துவிட்டாள். பிரிட்ஜில் வைக்காத பால் கெடாமல் இருக்கிறதென்றால் என்ன மருந்தைக் கலந்தானோ என்று ஒரே புலம்பல். மருந்தெல்லாம் இல்லை என்று நான்தான் பாடம் எடுத்தேன். ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்குத் தெரியாததில்லை. ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு வேறு மாணவர் யார் இருக்கிறார்கள், நீயும் கேள்.

நம் வீட்டு ஆவின் பாக்கெட் மாதிரிப் பாலைப் பொதுவாக 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிரவைப்பார்கள். நோய்க்கிருமி செத்துவிடும். ஆனால் சில பாக்டீரியாக்கள் வித்தாகச் சுருண்டு சூட்டுக்குத் தப்பிவிடும். குளிரில் இருக்கும்வரை மிச்சமிருப்பவை மெதுவாகத்தான் பெருகும். கரண்ட் போனால் ஆத்தா முதலில் பாலை எடுத்துக் காய்ச்சுவது சரிதான்.

உன் பெட்டிப் பாலுக்கு 135 டிகிரிக்கு மேல் சூடு, சில விநாடிதான். வித்துகூட அநேகமாக மிஞ்சாது. அதைவிடப் பெரிய வேலை அடைப்பது. கிருமி நீக்கிய பெட்டியில், வெளிக்காற்று படாமல் நிரப்ப வேண்டும். அட்டை, பிளாஸ்டிக், அலுமினியம் என்று அடுக்கடுக்காக இருப்பதால் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகாது. பிரிக்காதவரை மாதக்கணக்கில் இருக்கும். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான். பிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடு. பெட்டி உப்பியிருந்தால் யோசிக்காமல் கொட்டு. தேதியைப் பார். பழைய பெட்டியை முதலில் எடு. தேதியைப் பார்த்தே எடு.

சத்து போய்விடுமே என்று ஆத்தாவின் அடுத்த கேள்வி. கால்சியமும் புரதமும் எங்கும் போகாது. பி1, பி12 மாதிரி சில வைட்டமின் கொஞ்சம் குறையும். அந்தக் காய்ச்சிய வாடை வருவது சூட்டில் புரதம் மாறுவதால். காபி நன்றாகவே இல்லை என்றாயே, அதுதான். உறை ஊற்றினால் தயிராகும், நம் வீட்டுத் தயிர் மாதிரிக் கட்டியாக நிற்காது.

பாலை இப்படிச் சூடாக்குவதற்குப் பாஸ்டரைசேஷன் என்று பெயர் வரக் காரணமான லூயி பாஸ்டர் 1854இல் பேராசிரியராக வந்து சேர்ந்தது உன் லீல் நகருக்குத்தான். புளிப்பு, நொதிப்பு ஆராய்ச்சியை அங்கேதான் தொடங்கினார். பிற்பாடு கெடாமலிருக்கச் சூடாக்கிப் பார்த்ததும் முதலில் வைனைத்தான், பாலை அல்ல. என் மகள் பாஸ்டர் இருந்த ஊரில் ஆராய்ச்சி பண்ணுகிறாள் என்று முகப்பில் வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரில் அங்கே ஒரு நிலையமே இருக்கிறதே, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை என்றாய்.

பிள்ளையார் நோன்புக்குப் பாரிஸில் நம்மவர்கள் கூடினார்களாம். நீ வரவில்லை என்று சொன்னார்கள். மாவில் திரியிட்டு ஏற்றி விழுங்கும் நோன்பு இழை எடுத்துக்கொண்டாயா என்று ஆத்தா கேட்டதற்கும் பதில் இல்லை. குளிர், ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, சரி.

ஆத்தா பாலைத்தான் பார்த்தாள். நான் பெட்டிகளை எண்ணினேன். ஓர் ஆள் குடிக்கும் பாலுக்கு அவ்வளவு அடுக்கு எதற்கு என்று அவளிடம் பேச்செடுக்கவில்லை. அங்கே ஆறாறாகக் கட்டித்தான் விற்பார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனிமேல் கடையில் குளிர்பெட்டியில் இருக்குமே, அந்தப் பாலைச் சின்னப் பாட்டிலாக வாங்கு. காபியும் நன்றாக இருக்கும். சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் வாரத்தில் இரண்டு தடவையாவது கடைக்கு இறங்க வேண்டியிருக்கும். இறங்கு. பெரிய பாட்டில் வேண்டாம், சின்னதே போதும்.

அண்ணனுக்கு மாற்றல் வரும்போலிருக்கிறது. மற்றது அவன் பெண்டாட்டி, உன் அண்ணமிண்டி, எழுதுவாள். ஆத்தா தேன்குழலும் சீப்புச் சீடையும் பார்சலில் போட்டிருக்கிறாள், ஒருத்தி தின்னத் தீராது. கீழ்வீட்டு அம்மாவுக்கும் கொஞ்சம் கொடு. வாசலில் வைத்துவிட்டு வந்துவிடாதே, மணியடித்துக் கையில் கொடு.

அப்பச்சி